வெயில் நாளில் ஓடும் வடிகால்

கேள்வி: ஒவ்வொரு ஞாயிறும் நாற்பது பேர் ரெட்டேரிக் கரையில் கூடி பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுகிறோம். இரண்டு மாதம் போனால் ஏரி பழையபடி பச்சைப் பாய் விரித்துக் கிடக்கிறது. வருகிற ஆட்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். இது மக்களால் ஆகிற காரியமா, அரசாங்கம்தான் பார்க்க வேண்டுமா?
- வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: மக்கள் பின்னால் நிற்காமல் அரசாங்கம் இதைச் செய்து முடிக்காது. ஆனால் உங்கள் நாற்பது பேரும் இடம் மாறி நிற்கிறீர்கள். ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது சாக்கடை. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்துக்கொண்டே இருந்தால், இரண்டு வாரத்தில் அது இருமடங்காகப் பெருகும். விதை வேறு சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். நீங்கள் ஒரு காலைப் பொழுதில் வாருவதை அது அடுத்த ஞாயிற்றுக்குள் ஈடுகட்டிவிடுகிறது.

நான்கு ஞாயிறுகளுக்கு வாருவதை நிறுத்திவிட்டு, ஏரிக்குள் தண்ணீர் நுழையும் வாய்களை எண்ணுங்கள். மழை பெய்து பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை தோதான காலம். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், வீடுகளில் குளியலும் துணி துவைப்பும் நடக்கும் நேரத்தில், கரையைச் சுற்றி நடந்து வாருங்கள். மழைநீர் வடிகால் அந்த நேரத்தில் காய்ந்து கிடக்க வேண்டும். ஓடுகிறதென்றால் அது சாக்கடை. அதற்கு ஆய்வுக்கூடச் சான்று தேவையில்லை.

ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண் கொடுங்கள். தேதி, நேரம், இடக்குறியீடு பதியும்படி கைபேசியில் படம் எடுங்கள். அடுத்து அளவு. குழாயின் கீழ் வாளி வைக்க முடிந்தால், 10 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 5 வினாடி என்றால் வினாடிக்கு 2 லிட்டர். நாள் முழுக்க அப்படியே ஓடினால் 1,72,800 லிட்டர். ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே வாய் வழியாக 1,700 பேரின் சாக்கடை ஏரிக்கு வருகிறது. வாளி வைக்க வழியில்லாத அகலமான கால்வாயா? 10 மீட்டர் அளந்து ஆரஞ்சுத் தோலை மிதக்க விடுங்கள். அது 25 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். தண்ணீரின் அகலம் 60 செ.மீ., ஆழம் 10 செ.மீ. என்றால் மூன்றையும் பெருக்குங்கள். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் விடையை மறுபடி 0.85ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வரும். காலையில் மட்டும் அளந்தால் கணக்கு மிகையாகிவிடும். காலை, மதியம், மாலை, இரவு பத்து மணி என்று நான்கு முறை அளந்து சராசரி எடுங்கள். இங்கே மிகைப்படுத்தினால் அதிகாரி ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார்.

பிறகு வாயிலிருந்து தெருவுக்குள் பின்னோக்கிப் போங்கள். சாலையோரச் சல்லடை மூடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தாலே உள்ளே ஓடுகிறதா என்று தெரியும். எந்தத் தெருமுனைக்குப் பின் ஓட்டம் நிற்கிறதோ, அந்தத் தெருவில்தான் வடிகாலில் சாக்கடையைச் சேர்க்கும் குழாய் இருக்கிறது. மூடியை மட்டும் யாரும் தூக்கக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. அங்கே தேங்கும் விஷவாயு ஆளைக் கத்தவும் விடாது.

இப்படித் தேடிப் போகும்போது உங்கள் நாற்பது பேரில் சிலருடைய வீட்டு வாசலிலேயே போய் நிற்க நேரலாம். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் கட்டிய வீடுகளில் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகியிருப்பார்கள். ஏரிக்கு அருகே நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் உறிஞ்சுகுழியும் ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்யாது. தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் முதலில் உங்கள் குழுவினர் அத்தனை பேரும் இணைப்பு வாங்குங்கள். அதற்குப் பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கண்டுபிடித்த வாயை மணல் மூட்டை போட்டு நீங்களே அடைத்துவிடாதீர்கள். முதல் பெருமழையில் தெரு முழங்காலளவு நிற்கும். அந்தத் தெருக்காரர்களே வந்து உடைப்பார்கள், அதன்பின் உங்களோடு பேசவும் மாட்டார்கள். கேட்க வேண்டியது திருப்பிவிடும் அமைப்பு. வாய்க்குச் சற்று முன்னால் தாழ்வான ஒரு தடுப்பு. வெயில் நாளின் ஓட்டம் அங்கே பிடிபட்டுக் கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போகும், மழை வெள்ளம் தடுப்பைத் தாண்டி ஏரிக்குள் விழும். நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். பம்பு நின்றால் ஆள்நுழைவுக் குழி பொங்கி, அந்தத் தண்ணீரும் ஏரிக்குத்தான் வரும்.

எல்லாக் குறையையும் ஒரே மனுவில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். ஏரி நீர்வளத் துறையுடையது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியரும் உள்ளே வருகிறார். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கையில் இருக்கிறது. வாய்க்கு ஒரு மனு எழுதி, ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தேதிகளைப் பத்திரமாக வையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், வழக்குக்கான காரணம் எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. கொரட்டூர் ஏரிக்காக அங்குள்ள மக்கள் இயக்கம் அந்தப் படியும் ஏறியிருக்கிறது. அவர்களை நீங்கள் தேடிப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் உங்களுக்கு. மேலே இருப்பவர்கள் அழுக்கை நிறுத்தாமல் ரெட்டேரி மட்டும் தெளியாது.

ஏரியின் எல்லை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மிக்ஜாம் புயலின்போது எடுத்த படங்களைக் காட்டி, தண்ணீர் நின்ற இடமெல்லாம் ஏரி என்று வாதாடாதீர்கள்; அது வெள்ளத்தின் மட்டம். உபரி நீர் வெளியேறும் கலங்கலின் உச்சியைத் தொட்டுத் தண்ணீர் வழியத் தொடங்கும் நாளில், அந்த மட்டத்துக்குக் கரை நெடுகப் படம் எடுங்கள். வருவாய்த் துறையின் நில அளவை வரைபடமான புலப்படத்தோடும், நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டோடும் ஒப்பிட்டு அளவைக் கல் நடச்சொல்லிக் கேட்க அதுதான் உதவும்.

இதெல்லாம் நடக்கத் தொடங்கியபின் ஆகாயத்தாமரைக்குத் திரும்புங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், தண்ணீர் குறைந்திருக்கும்போது, காற்று ஒதுக்கிய கரையிலிருந்து வேரோடு இழுங்கள். அறுந்த துண்டும் துளிர்க்கும். இதுவரை தண்ணீர் விளிம்பிலேயே போட்டிருக்கிறீர்கள் என்றால், மழை அதை மறுபடி ஏரிக்குள் தள்ளியிருக்கும். கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயவிடுங்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் ஒரு வாரம் காய்ந்தபின் ஏற்றினால் வண்டிக்கூலி வெகுவாகக் குறையும். களைக்கொல்லி அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மொத்தமும் ஏரிக்குள்ளேயே அழுகி, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். பிறகு ஒரு விடியலில் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும்.