பார்வையாளர் வராத நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்குக் கென்யாவில் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளிக்கு மழைநீர்த் தொட்டியும் நூலக அறையும் கட்ட எங்கள் சேவைச் சங்கம் பணம் கொடுத்தது. வரும் ஆகஸ்டில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் ஒரு வாரம் அங்கே தங்கி, வகுப்பறைகளுக்கு வண்ணம் பூசி, ஆங்கிலப் பாடம் எடுத்து, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கத் திட்டமிட்டிருக்கிறோம். இது சேவையல்ல, சுற்றுலா என்கிறாள் என் மகள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று நேரில் போய்ப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பன்னிரண்டு விருந்தினர் வந்திறங்கும் நாளில் எந்தப் பள்ளியும் வழக்கம்போல் நடக்காது. பாடங்கள் நிற்கும், வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை நடக்கும், பூட்டிக் கிடந்த அறை திறக்கப்படும். நீங்கள் பார்த்துத் திரும்புவது உங்களுக்காக ஒருநாள் ஏற்பாடு செய்யப்பட்ட பள்ளியாகவே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் உருவான ‘பிளேபம்ப்’ இதற்குத் தெளிவான சான்று. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியால் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டி நிறையும் என்ற ஏற்பாடு அது. 2006-இல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து அதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தன. பார்வையாளர் முன்னிலையில் பிள்ளைகள் உற்சாகமாகச் சுற்றினார்கள். மற்ற நேரங்களில் மொசாம்பிக்கின் கிராமப் பெண்கள் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளித் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. நன்றாக இயங்கிய கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திய இடங்களும் உண்டு.

நீங்கள் போகவிருக்கும் மேற்குக் கென்யாவிலேயே, புசியா பகுதியில், 1990-களில் மைக்கேல் கிரெமரும் (2019-இல் பொருளியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர்) சக ஆய்வாளர்களும் பள்ளிகளுக்கான உதவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பாடநூல்கள் கொடுத்ததால் ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. குடற்புழு நீக்க மாத்திரையோ பள்ளிக்கு வராமலிருப்பதைக் கால் பங்கு குறைத்ததாகத் தெரிந்தது. இந்த அளவைப் பற்றிப் பின்னர் கடுமையான வாதங்கள் எழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், மாத்திரைக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, அதன் முன்னால் நின்று படம் எடுக்கவும் முடியாது. அதனாலேயே சங்கங்கள் கட்டடத்தைத் தேடிப் போகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எனவே பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு மூன்று பேர் போங்கள். வகுப்பெடுக்காமல், ஆசிரியர் அனுமதித்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். தொட்டிக்கு நீர் கொண்டுவரும் கூரைத் தகரக்கால்வாயைச் சுத்தம் செய்பவர் யார், குழாய் உடைந்தால் செலவு யாருடையது, நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பேற்பது என்ற அச்சத்தில் பூட்டியே வைக்கப்படும் நூலகங்கள் ஏராளம். தலைமையாசிரியரிடம் மட்டுமல்லாமல், நிர்வாகக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமும் பேசுங்கள். அரசு நியமித்த ஆசிரியர்கள் போதாமல், பெற்றோர் திரட்டும் பணத்தில் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் அங்கே பல பள்ளிகளில் இருக்கிறார்கள், உங்கள் அடுத்த உதவி எதற்கு என்பது அந்தப் பேச்சிலிருந்தே தெரியவரலாம். நோட்டுகளை நீங்களே கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளாமல் பள்ளியிடம் ஒப்படையுங்கள். வண்ணம் பூசுவதை உள்ளூர்த் தொழிலாளர் உங்களைவிட நன்றாகச் செய்வார். கூலியும் அவர் வீட்டுக்குப் போகும்.

பயண மாதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று பருவங்களாக நடக்கிறது. ஆகஸ்டில் பெரும்பாலும் விடுமுறை. அப்போது போனால் உங்களுக்காகவே பிள்ளைகளை வீட்டிலிருந்து வரவழைப்பார்கள். ஜூன் அல்லது ஜூலையில் எந்த வாரம் தேர்வு இல்லை என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.