விதை போட்டால் அம்ப்ரி வருமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன ஐப்பசியில் ஸ்ரீநகர் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் ‘அம்ப்ரி’ என்று ஓர் ஆப்பிள் கொடுத்தார். கடிக்கும் முன்பே மணம் தூக்கியது. நம்மூர்க் கடையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விதைகளை ஈரத்துணியில் சுற்றி மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்துத் தொட்டியில் போட்டேன். இரண்டு முளைத்திருக்கின்றன. அம்ப்ரி காய்க்குமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

காய்க்காது. முளைத்தது ஆப்பிள்தான், அம்ப்ரி இல்லை. ஆப்பிள் பூவுக்குப் பெரும்பாலும் வேறு ரகத்து மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் தாயைப் போலவும் இராது, தகப்பனைப் போலவும் இராது. நல்ல மரம் ஒன்று அமைந்தால் அதன் குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். தவிர, பல ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் குளிர் வேண்டும். அம்பையில் மார்கழியிலும் அதற்கு வழியில்லை.

இங்கிலாந்தில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி உங்களைப் போலவே விதை போட்டாள். அந்த வீட்டைப் பின்னால் பிராம்லி என்ற கறிக்கடைக்காரர் வாங்கினார். 1856இல் ஓர் இளைஞர் வந்து ஒட்டுக்குச்சி கேட்டபோது, ‘என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள்’ என்றாராம். சமையலுக்கென்றே அவர்கள் வைத்திருக்கும் புளிப்பு ஆப்பிள், ‘பிராம்லி’, அதுதான். இன்றைக்கு நிற்கும் பிராம்லி மரம் அத்தனையும் அந்த ஒற்றை மரத்தின் குச்சி. விதை போட்ட பிள்ளையின் பெயர் பழத்தில் இல்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நம் வாழையும் இப்படித்தான். களக்காட்டு ஏத்தனுக்கு விதை ஏது? கன்று பெயர்த்து நட்டுத்தானே வருகிறது. எங்கள் ஆச்சி தொழுவுக்குப் பின்னால் ஒரு மூடு பேயன் வைத்திருந்தாள். தடித்த தோல்; உரித்தால் சதை வெண்ணெய் மாதிரி விரலில் ஒட்டும். கன்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மண்ணோடு தோண்டிக் கொடுப்பாள். அவள் போனபின் வீட்டை விற்றோம். நான் ஒரு கன்றுகூட எடுத்துவரவில்லை. இன்றுவரை அது நெஞ்சில் முள்தான்.

அம்ப்ரி காஷ்மீரின் சொந்த ரகம். வெள்ளைச் சதை, கடித்தால் நறுக்கென்றிருக்கும், நெடுநாள் கெடாது. அதன் இடத்தைப் பிடித்தது அமெரிக்க ‘டெலிஷியஸ்’ வகை. சிம்லாவுக்கு அப்பால் கோட்கட்டில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் அந்த ரகத்தைக் கொண்டுவந்து நட்டார். மலைக் குடும்பங்கள் பல அதனால் தலையெடுத்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் அந்த ரகத்திலேயே சிவப்பு கூடிய கிளைகளாகப் பார்த்துப் பார்த்து ஒட்டுக் கட்டியதில் நிறம் ஏறியது, ருசி இறங்கியது.

அந்தப் பெரியவரின் விலாசம் இருந்தால் ஒரு கடிதம் போடுங்கள். அவர் தோட்டத்தில் இன்னும் எத்தனை அம்ப்ரி நிற்கிறது, ஒட்டுக்குச்சி கேட்டு யாராவது வருகிறார்களா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.