வாசகர் கேள்வி – பதில்: பழைய ரிவால்வரின் துருவும் மெருகும்

கேள்வி: என் தந்தையார் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய காலத்தில் வாங்கிய வெப்ளி அண்ட் ஸ்காட் .32 ரிவால்வர், அவருடைய மறைவுக்குப் பின் முறையாக உரிமம் பெற்று என் பெயரில் இருக்கிறது. தோல் உறைக்குள்ளேயே பல ஆண்டுகள் பீரோவில் கிடந்ததால், உருளையிலும் குழலின் ஒரு பக்கத்திலும் துரு திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. கருநீல மெருகு பாதிக்கு மேல் போய்விட்டது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், பஃப் அடித்து நிக்கல் முலாம் பூசித் தருவதாகச் சொல்கிறார். என் துணைவியாரோ, பூஜைப் பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார். எது சரி?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் வேண்டாம். புளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிவால்வரின் கருநீல நிறம் பெயின்ட்டைப் போல மேலே பூசப்பட்டது அன்று. எஃகின் மேற்பரப்பே வேதிமாற்றம் அடைந்து உண்டான கருப்பு இரும்பு ஆக்சைடு அது. செந்துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புப் பொருள் எதுவாக இருந்தாலும் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்காது. துருவோடு சேர்த்து மிச்சமிருக்கும் மெருகையும் கரைத்து, துப்பாக்கியை வெளிறிய சாம்பல் நிறத்தில் உங்களிடம் திருப்பித் தரும். பித்தளைச் சொம்புக்குப் புளி நல்லது, அவ்வளவுதான்.

நண்பரின் யோசனையில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதற்கான உரிமம் பெறாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் 5-ஆம் பிரிவில் தடை செய்கிறது. எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், உரிமம் இல்லாதவரின் பட்டறையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வருவதே குற்றமாகிவிடக்கூடும். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிக்கக் கூடாது என்கிறது. பஃப் சக்கரம் இதைத்தான் முதலில் செய்யும். சுழலும் துணிச்சக்கரத்தில் எஃகைப் பிடித்தால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணம் போலக் குழியும், மெல்லிதாக வெட்டப்பட்ட எழுத்துகள் கரைந்து போகும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு வரிசை எண்ணின் ஓர் இலக்கம் தேய்ந்துபோனால், உரிமம் புதுப்பிக்கும் நாளில் உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணையும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடும் அதிகாரியிடம் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். துப்பாக்கிகளின் வலிமையைச் சோதித்துச் சான்றளிக்கும் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை இட்ட முத்திரைகளும் குழலிலும் உருளையிலும் இருக்கும். அவை உங்கள் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் போன்றவை.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? துடைத்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவது உரிமதாரரின் வழக்கமான பராமரிப்பு. துரு நீக்கத்தை அதே எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் துப்பாக்கியின் மேற்பகுதித் தாழைத் தள்ளி, குழலை முன்னோக்கி மடக்கித் திறந்து, தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். உருளையின் ஒவ்வோர் அறையையும் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பாருங்கள். காலியாகத்தான் இருக்கிறது என்ற நினைப்பு போதாது. பிறகு கைப்பிடித் தகடுகளை மட்டும் கழற்றுங்கள். திருகின் பிளவுக்குள் இடைவெளியின்றிப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும்; வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் இருப்பதால், அது வழுக்கிப் பிளவைச் சிதைப்பதோடு பக்கத்து எஃகிலும் ஒரு கீறலைப் போட்டுவிடும். பழைய துப்பாக்கிகளில் நான் காணும் காயங்களில் பாதிக்கு மேல் துரு செய்தவை அல்ல, திருப்புளி செய்தவை. உள்ளிருக்கும் விசைப்பொறியை நீங்கள் திறக்கவே வேண்டாம்.

துருப் பட்ட இடங்களில் மெல்லிய எண்ணெயைத் தாராளமாக விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள்; தையல் மிஷின் எண்ணெயே போதுமானது. பிறகு ஒரு செம்புத் துண்டின் விளிம்பால் துருத் திட்டை மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால், துரு பெயர்ந்து வருமே தவிர அடியில் இருக்கும் எஃகில் கோடு விழாது. எஞ்சியதை நான்கு பூஜ்ஜிய எண் கொண்ட மிக மெல்லிய ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்து எடுக்கலாம். அதையும் கைப்பிடித் தகடு மறைக்கும் இடத்தில் ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே வெளியே தெரியும் இடத்திற்கு வாருங்கள். உப்புத்தாள் அந்த மேசைக்கே வரக் கூடாது. துரு போன இடத்தில் சிறு குழிகளும் சாம்பல் நிறத் தழும்புகளும் தெரியும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு குழியைச் சமமாக்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள எஃகு முழுவதையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மெருகைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் எழுத்துப்பூர்வமான ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படையுங்கள். நிக்கல் வேண்டாம், பழைய கருநீலமே வேண்டும் என்றும், எழுத்துகளின் மேல் சக்கரம் படக் கூடாது என்றும் அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவின் ஒஹாயோவில் வசிக்கிறேன். கைப்பிடியில் ஆந்தைத் தலை பொறித்த, ஐவர் ஜான்சன் நிறுவனத்தின் .32 ரிவால்வர் ஒன்றை முறைப்படி வாங்கினேன். நிக்கல் முலாம் ஆங்காங்கே உரிந்திருக்கிறது. முலாமை நீக்கிவிட்டு நானே வீட்டில் கருநீலம் ஏற்ற விரும்புகிறேன். செய்யலாமா?
— வாசகர், கொலம்பஸ்

பதில்: தன் துப்பாக்கியின் மெருகைத் தானே புதுப்பித்துக்கொள்ள உங்கள் நாட்டில் தடையில்லை, ஆனால் வரிசை எண்ணை அழிப்பது அங்கும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க் நகரில் பெருமளவில் செய்து மலிவாக விற்கப்பட்ட துப்பாக்கி என்பதால், பொதுவாகச் சேகரிப்பாளர்கள் இதற்குப் பெரிய விலை தருவதில்லை. கைப்பழக்கத்துக்கு ஏற்றது என்று இதைச் சொல்லலாம். (1901-இல் பஃபலோ நகரக் கண்காட்சியில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டதும் இதே நிறுவனத்தின் .32 ரிவால்வரால்தான்.)

ஆனாலும் நிக்கலை உரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து நிக்கல் ரிவால்வர்களில் விசைக்காப்பு வளையத்தை மட்டும் பெரும்பாலும் கருநீலத்திலேயே விட்டிருப்பார்கள். உங்களுடையதும் அப்படி இருந்தால், அது தொழிற்சாலையின் முதல் மெருகு என்பதற்கு நல்ல அறிகுறி. அதை அழித்துவிட்டு மீண்டும் உண்டாக்க முடியாது. தவிரவும், முலாமை முழுமையாக நீக்குவது மின்முலாம் பட்டறையின் வேலை. சுரண்டி எடுக்க முயன்றால் எஃகு கெடும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களையும் தவிருங்கள், முலாமுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால் விரிசல்களின் வழியே இறங்கி அதை அவை அரிக்கும்.

முலாம் ஏற்கெனவே பெரும்பகுதி போய்விட்டது, பட்டறையில் கொடுத்து மீதியையும் எடுத்துவிட்டேன் என்றால், வீட்டில் செய்யத்தக்க முறை துருவேற்றிக் கருக்குவதுதான். பெயர் விசித்திரமாக இருந்தாலும், பழைய துப்பாக்கித் தொழிலாளர்களின் கைவேலை இது. துருவைப் போக்கத்தானே இவ்வளவு பாடு, மறுபடியும் துருவேற்றுவதா என்று கேட்பீர்கள். எஃகில் சீராகப் படரும் மெல்லிய செந்துருவைக் கொதிநீரில் இட்டால், அது கருப்பு ஆக்சைடாக மாறி எஃகோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரே உண்மையின் மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது.

பாகங்களைப் பிரித்து, உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றிக் கையாலேயே ஒரே திசையில் தேய்த்து, 320 அல்லது 400 எண் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்துகள் உள்ள இடத்தைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்குகளை இந்த வேலையில் சேர்க்காமல் தனியே வையுங்கள். அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை அகற்றிய பிறகு வெறும் விரல் அதன்மேல் படக் கூடாது. பட்டால் கைரேகை அப்படியே மெருகில் பதிந்து நிற்கும். குழலின் உட்புறத்தையும் உருளையின் அறைகளையும் மரமுளைகளால் அடையுங்கள். கடையில் கிடைக்கும் துருவேற்றும் கரைசலை, நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒரே இழுப்பாக மிக மெல்லிதாகத் தடவி, ஈரப்பதமுள்ள பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் செம்மண் தூவியது போலத் துரு பூக்கும். பின்னர் காய்ச்சி வடித்த நீரில் கால் மணி நேரம் கொதிக்க வைக்க, செம்மை கண்ணெதிரே வெல்வெட் கருப்பாக மாறும். குழாய் நீர் கூடாது. அதிலுள்ள உப்புகள் கறையாகப் படியும். எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலால் மேலே நிற்கும் கரித்தூளைத் துடைத்துவிட்டு, மீண்டும் தடவி, மீண்டும் தொங்கவிட்டு, மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். முதல் சுற்றில் புகை பிடித்தது போல் மங்கலாகத்தான் இருக்கும். ஆறேழு சுற்று ஆன பிறகே ஆழமான நிறம் வரும். கடைசியாகச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, எண்ணெயில் ஓரிரவு ஊற விடுங்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்க வைக்கும் வேகமான தொழிற்சாலை முறையை வீட்டுச் சமையலறையில் கனவிலும் முயல வேண்டாம்.

மெருகு புதிதானதால் துப்பாக்கி புதிதாகிவிடாது. 1909-க்கு முன் செய்யப்பட்ட ஐவர் ஜான்சன் ரிவால்வர்கள் பழைய கரிமருந்துத் தோட்டாவின் குறைந்த அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை; இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அவை தாங்காமல் போகலாம். உங்களுடையது எக்காலத்தது என்பதையும், உருளை ஒவ்வோர் அறையிலும் குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்கிறதா என்பதையும் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அதில் எந்தத் தோட்டாவையும் இட வேண்டாம்.

கேள்வி: தடவியவுடன் கருக்கும் திரவம் விற்கிறார்களே, அது போதாதா?
— வாசகர், சிகாகோ

பதில்: திருகுத் தலை, சிறு கீறல் ஆகியவற்றை மறைக்கப் போதும். செலினியச் சேர்மத்தால் உண்டாகும் அந்தக் கருமை மிக மெல்லியது. முழுத் துப்பாக்கிக்கும் தடவினால் திட்டுத் திட்டாக நிற்பதோடு, உறையில் போட்டு எடுக்கவே தேய்ந்துவிடும். நச்சுத் தன்மை உடையது, கையுறை அணியுங்கள்.

கேள்வி: துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகி விசைப்பொறியைப் பிடித்துக்கொள்ளும். கனிம எண்ணெயை மெல்லிதாகத் தடவித் துணியால் ஒற்றி எடுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, பதனிட்ட உப்புகளும் அதில் இருக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பூட்டி வைத்து, ஐப்பசி மழை தொடங்கியதும் மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.