டீச்சர் பதில்கள்: கோஸ், கடுகு, மிஸ்வாக்

முட்டைக்கோஸை நறுக்கியதும் வதக்கக் கூடாது, சற்று நேரம் வைத்திருந்துதான் அடுப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் சத்து போய்விடும் என்கிறாள் என் மருமகள். கடுகிலும் அதே சத்து இருக்கிறதாம். அப்படியானால் நாம் தாளிக்கிற கடுகே போதாதா டீச்சர்?
– வாசகி, தேவிபட்டினம்

மருமகள் சொல்வது சரிதான். தாளித்த கடுகு மட்டும் போதாது.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கும். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சேராது. புழு கடித்தாலோ கத்தி பட்டாலோ கலந்துவிடும். மூக்கில் ஏறும் காரம் அப்போதுதான் பிறக்கிறது. மருமகள் சொல்லும் சத்தும் அப்படிப் பிறப்பதுதான். செடிக்கு அது தற்காப்பு.

ஒரு ஸ்பூன் கடுகை வெறுமனே பொடித்து முகர்ந்து பாருங்கள், வாசனை பெரிதாக இருக்காது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்தால் கண்ணில் நீர் வரும். நொதி வேலை செய்யத் தண்ணீர் வேண்டும், நேரமும் வேண்டும். அதே கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி விதை வெடிக்கிறது. சூட்டில் நொதி செத்துவிடும். தாளித்த கடுகில் மணம் உண்டு, மூக்கில் ஏறும் காரம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

ப்ரோக்கோலியில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் உருவாகும் சல்ஃபோராபேன் என்ற பொருளை, உடலின் நச்சுநீக்க நொதிகளைத் தூண்டுவது என்று 1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் அடையாளம் கண்டார்கள். பிறகு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், வேகவைத்த ப்ரோக்கோலியோடு ஒரு கிராம் கடுகுப் பொடி சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உடலில் சேர்ந்த சல்ஃபோராபேன் நான்கு மடங்குக்கும் மேல் கூடியது. வெந்த காயில் அழிந்துபோன நொதியைப் பச்சைக் கடுகு திரும்பக் கொண்டுவருகிறது.

நம் ஊர்க் கோஸில் சல்ஃபோராபேன் குறைவு. கோஸின் உறைப்புக்குக் காரணமான சினிக்ரின் என்ற குளுக்கோசினோலேட்தான் கடுகிலும் இருக்கிறது. வழி ஒன்றுதான்: பொடியாக நறுக்கி அரை மணி நேரம் வைத்திருங்கள், நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துக் கொட்டாதீர்கள், மூடி வைத்து ஆவியில் வதக்குங்கள். இறக்கிய பிறகு, தேங்காயோடு ஒரு சிட்டிகை பச்சைக் கடுகை அரைத்துப் பிரட்டுங்கள். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு நம் பெரியவர்கள் கடுகு அரைத்து விட்டதும் இப்படித்தான். அந்த வழக்கம் வீட்டுக்கு வீடு குறைந்து வருவதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் வாப்பா மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவார். ஒருநாள் நான் மென்று பார்த்தேன், கடுகு மாதிரி உறைத்தது. எப்படி?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

தம்பி, நல்ல நாக்கு உங்களுக்கு! மிஸ்வாக் என்பது உகாய் மரத்தின் வேரும் குச்சியும். உப்பு மண்ணைத் தாங்கும் மரம் அது. தாவரவியலில் கடுகு, உகாய், முருங்கை, பப்பாளி எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒன்று ஒரு பருவத்துச் செடி, இன்னொன்று வேலியோரத்து மரம். ஆனாலும் குளுக்கோசினோலேட்டும் அதை உடைக்கும் நொதியும் எல்லாவற்றிலும் உண்டு.

நீங்கள் மென்றபோது உகாய் வேரின் செல்கள் உடைந்து பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற காரப் பொருள் வந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தார் 2011-ல் வெளியிட்ட கட்டுரையில், மிஸ்வாக் வேரில் பாக்டீரியாவைக் கொல்லும் முக்கியப் பொருள் அதுவே என்று காட்டினார்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியின் கறுப்பு விதை ஒன்றைக் கடித்துப் பாருங்கள். அதே உறைப்பு, அதே பொருள். முருங்கை வேர் காரமாக இருப்பதும் இந்த உறவால்தான். ஆனால் அந்த வேரைச் சமைத்துச் சாப்பிட வேண்டாம், அதில் கெடுதலான பொருள்களும் உண்டு. கீரையும் காயுமே நமக்குப் போதும்.

தைராய்டுக்கு மாத்திரை போடுகிறேன். கோஸைத் தொடவே கூடாது என்கிறார்கள். கடலோரத்தில் இருப்பதால் அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்கிறார்களே?
– வாசகி, உச்சிப்புளி

அந்தப் பயம் 1928-ல் ஆரம்பித்தது. கோஸையே முக்கிய உணவாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்து வீங்கியதை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பார்த்தார்கள். நாம் முயல் மாதிரி சாப்பிடுவதில்லை. கோஸில் உருவாகும் சில பொருள்கள் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் சமைத்தால் அது குறையும். அயோடின் போதுமான அளவு இருப்பவருக்கு வாரத்தில் ஓரிரு நாள் கோஸ் பொரியல் கெடுதல் செய்யாது. பச்சைக் கோஸ் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பாத்தியில் விளையும் கல்லுப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. வாலிநோக்கம் உப்பானாலும் அயோடின் சேர்த்த பிறகுதான் பயன். மீனில் உண்டு என்றாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். பாக்கெட்டில் அயோடின் கலந்த உப்பு என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

காட்டுக் கோஸ் ஐரோப்பாவில் கடலோரப் பாறைகளில் தானாக வளர்வது என்று படித்தேன். என் கொல்லையில் வைத்த கோஸ் மட்டும் ஏன் தலை கூடவில்லை?
– வாசகர், திருப்பாலைக்குடி

படித்தது சரி. ஆனால் அந்தப் பாறைகளில் குளிர்காற்று. கோஸ் இலைகள் சுருண்டு தலை கூட 15 முதல் 20 டிகிரி வரை வேண்டும். நம் கரையில் மார்கழி இரவுகூட அவ்வளவு இறங்குவது அபூர்வம். போதாக்குறைக்கு உங்கள் கிணற்றுநீர் உவர். மனிதன் தேர்ந்து வளர்த்த கோஸ், காட்டு மூதாதையைப் போல உப்பைத் தாங்காது. முள்ளங்கி இன்னும் மோசம்.

உப்பைத் தாங்கும் கடுகு ரகங்களை ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அவையும் வடநாட்டுக் குளிர்காலத்துக்கானவை. நீங்கள் கொத்தவரை போடுங்கள், உவரை நன்றாகத் தாங்கும். வேலியோரம் முருங்கை வையுங்கள். கோஸைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.