ரிமோட் கோடுகளை ஒழுங்குபடுத்துவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் லாட்ஜில் மூன்று கம்பெனி டி.வி.க்கள் இருக்கின்றன. எல்லா ரிமோட்டையும் கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்யும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றில் ஏற்றினோம். இப்போது ‘பவர்’, ‘பவர் 2’, ‘பவர் புதுசு’ என்று கோடுகள் (பட்டனை அழுத்தினால் ரிமோட் அனுப்பும் சைகைகள்) குவிந்து கிடக்கின்றன. எது எந்த அறைக்கு என்றே தெரியவில்லை. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், பெரியார் பேருந்து நிலையம் அருகில், மதுரை

பதில்: பட்டன் பெயரை வைத்துச் சேமித்ததால் வந்த குழப்பம் இது. பெயரை விட்டுவிட்டு, கோடுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் மூன்று விஷயங்கள் உண்டு: எந்த முறையில் அனுப்பப்படுகிறது (என்.ஈ.சி., ஆர்.சி.5, சோனி முறை என்பது போல), எந்தச் சாதனத்தின் முகவரி, என்ன கட்டளை. உங்கள் மென்பொருளில் ‘டிகோட்’ வசதி இருந்தால் இந்த மூன்றையும் காட்டிவிடும். அவற்றை ஒரு எக்செல் தாளில் ஏற்றி, முகவரிப்படி வரிசைப்படுத்துங்கள்.

உதாரணமாக, எல்ஜி டி.வி.க்கள் பெரும்பாலும் என்.ஈ.சி. முறையில் முகவரி 4-ஐப் பயன்படுத்துகின்றன. அதில் பவர் 8, வால்யூம் கூட்ட 2, குறைக்க 3, மியூட் 9. சாம்சங்குக்கு முகவரி 7. பவர் 2, வால்யூம் 7, 11, மியூட் 15. சோனிக்கு முகவரி 1. பவர் 21, வால்யூம் 18, 19, மியூட் 20. உங்கள் ‘பவர்’, ‘பவர் புதுசு’ இரண்டும் முகவரி 4, கட்டளை 8 என்றே வந்தால் இரண்டும் ஒன்றுதான், ஒன்றைத் தயங்காமல் அழித்துவிடலாம்.

கோடு பழுதில்லாமல் பதிவாகியிருக்கிறதா என்றும் இதிலேயே தெரியும். என்.ஈ.சி. முறையில் கட்டளை எண்ணோடு அதன் தலைகீழ் எண்ணும் சேர்ந்தே வரும். இரண்டையும் கூட்டினால் 255 வரவேண்டும். 8-க்கு 247 வந்திருந்தால் சரி. வேறு எண் வந்திருந்தால் மறுபடி பதிவு செய்யுங்கள். முகவரிக்கு இந்தச் சோதனையை வைக்காதீர்கள். சில கம்பெனிகள் முகவரியை 16 பிட்டாக (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) நீட்டிக்கொள்வதால் அங்கே கூட்டுத்தொகை பொருந்தாது.

மென்பொருள் ‘ப்ரோன்டோ’ எண்களை (கோடை எண் வரிசையாக எழுதும் ஒரு வடிவம்) மட்டும் காட்டினால் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். கோடைச் சுமக்கும் அலைவரிசையைக் குறிக்கும் அது, பதினாறடிமானத்தில் (0–9, A–F என்று எழுதும் முறை) இருக்கும். சாதாரண எண்ணாக மாற்றினால் 109 என்றால் 38 கிலோஹெர்ட்ஸ், 115 என்றால் 36, 103 என்றால் ஏறக்குறைய 40. என்.ஈ.சி. முறை 38-லும், ஆர்.சி.5 36-லும், சோனி 40-லும் ஓடுபவை. எந்தக் கோடு யாருடையது என்பதற்கு இது முதல் துப்பு.

அடுத்தது, லாட்ஜுக்கு மிக முக்கியமானது: ஆன், ஆஃப் இரண்டையும் தனித்தனிக் கோடாக வையுங்கள். ஒரே பவர் பட்டன் என்றால், கரண்ட் போய் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானாக எரியும், டி.வி. தூங்கும். அப்போது மேக்ரோவை (ஒரே பட்டனில் பல கோடுகளை வரிசையாக அனுப்பும் ஏற்பாடு) அழுத்தினால் பாக்ஸ் அணைந்து டி.வி. மட்டும் எழும். எல்ஜியின் பல மாடல்களில் ஆன் 196, ஆஃப் 197. சாம்சங்கில் 153, 152. சோனியில் 46, 47. இவை ஒரிஜினல் ரிமோட்டில் பட்டனாக இருக்காது, எண்ணைக் கையால்தான் ஏற்ற வேண்டும். எல்லா மாடலும் ஏற்காது என்பதால், ஆன் கோடை இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள். டி.வி. எரிந்தபடியே இருந்தால் நம்பலாம். புதுக் கோடு தேடுகிறேன் என்று 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்பிப் பார்க்க வேண்டாம். இடையில் சர்வீஸ் மெனு (மெக்கானிக்குக்கான மறைவு மெனு) திறந்துகொண்டால், உள்ளே கைபட்டு செட்டிங் மாறிவிடும்.

மேக்ரோவில் ஆன் கோடுக்கும் ஹெச்.டி.எம்.ஐ. தேர்வுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். டி.வி. விழித்து வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அதோடு 2 விநாடி கூட்டி வையுங்கள். எல்லாம் முடிந்ததும் அந்தக் கோப்பைத் தேதி போட்டு பென்டிரைவில் இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லேர்னிங் ரிமோட்டில் (வேறு ரிமோட்டின் கோடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரிமோட்) பதிவு செய்தால் சில பட்டன் வேலை செய்கிறது, சில செய்யவில்லை. ஏன்?
– வாசகி, சோழவந்தான்

பதில்: முதலில் ஒரிஜினல் ரிமோட்டுக்குப் புது செல் போடுங்கள். இரண்டையும் மேஜையில் படுக்கவைத்து, மூக்கோடு மூக்காக 2 முதல் 5 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம், டியூப்லைட்டின் அடி இரண்டும் வேண்டாம். முக்கியமாக, பட்டனை அமுக்கிப் பிடிக்காமல் தட்டி எடுங்கள். என்.ஈ.சி. முறையில் முழுக் கோடு ஒரு தடவைதான் போகும். பிடித்துக்கொண்டே இருந்தால் அதன்பிறகு சுமார் 110 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ‘திரும்பச் செய்’ என்ற குட்டிச் சைகை மட்டும் போகும். அது பதிவாகிவிட்டால் பட்டன் இருந்தும் பயன் இல்லை. ஒரிஜினல் ரிமோட்டின் மேலேயே சந்தேகம் என்றால் செல்போனின் முன்பக்க கேமராவில் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது பல்பு ஊதா வெளிச்சமாக மின்ன வேண்டும்.

கேள்வி: சேனல் மாற்றும் பட்டன் ஒருமுறை வேலை செய்கிறது. மறுபடி அழுத்தினால் அசையவில்லை. வேறு பட்டனைத் தட்டிவிட்டு வந்தால் திரும்ப வேலை செய்கிறது.
– வாசகர், மேலூர்

பதில்: பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.5 அல்லது ஆர்.சி.6 முறைக் கோடாக இருக்கும். அதில் ஒரு பிட், ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் 0, 1 என்று மாறிக்கொண்டே போகும். பதிவு செய்த கோடில் அது உறைந்துவிடுவதால், பழைய அழுத்தலே இன்னும் தொடர்கிறது என்று சாதனம் நினைத்துக்கொள்கிறது. கோடை அப்படியே நகலெடுக்காமல் ‘ஆர்.சி.5’ என்று முறையைத் தேர்ந்தெடுத்து முகவரியும் கட்டளையும் மட்டும் கொடுங்கள், மாற்றுவதை ரிமோட்டே பார்த்துக்கொள்ளும். அந்த வசதி இல்லையென்றால், ஒரே பட்டனை அடுத்தடுத்த இரண்டு அழுத்தலில் இரண்டு கோடாகப் பதிந்து இரண்டு பட்டனில் வைப்பதுதான் வழி.

கேள்வி: ஏ.சி. ரிமோட்டின் ‘குளிர் கூட்டு’ பட்டனைப் பதிவு செய்தேன். எப்போது அழுத்தினாலும் 23-லேயே நிற்கிறது.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: பெரும்பாலான ஏ.சி. ரிமோட்டில் கூட்டு, குறை என்று தனிக் கட்டளை கிடையாது. ஒவ்வொரு அழுத்தலிலும் டிகிரி, மோடு, ஃபேன் வேகம் உட்பட முழு நிலையும் போகும். நீங்கள் பதிந்தது ‘23 டிகிரி’ என்ற நிலை. எனவே நிலைகளையே பட்டனாக்குங்கள்: ‘ஆஃப்’, ‘24 கூல், ஃபேன் மெது’, ‘27 கூல், ஃபேன் மெது’. 24-ஐப் பதிய, ஒரிஜினலை 25-ல் வைத்து ஒரு தட்டுக் குறைத்து, அந்தத் தட்டைப் பிடியுங்கள். ஆஃப் பட்டனைத் தனியாகப் பதியுங்கள். பதியும் முன் டைமரை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கோடோடு சேர்ந்து போகும். ஒரு விஷயம்: டி.வி. கோடு 32 பிட் என்றால் டைக்கின் ஏ.சி.யின் சில மாடல்களில் அது 280 பிட். விலை குறைந்த லேர்னிங் ரிமோட்டுகளில் அவ்வளவு நீளம் பிடிக்காது.

கேள்வி: ஃபயர் ஸ்டிக் ரிமோட்டைப் பதிய முடியவில்லையே?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: முடியாது. ஸ்டிக்கோடு அது புளூடூத்தில் பேசுகிறது. டி.வி.யின் பவர், வால்யூமுக்கு மட்டுமே அதிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வரும். அதை டி.வி.யின் சொந்த ரிமோட்டிலிருந்தே பதிந்துகொள்ளலாம்.

கேள்வி: நோட்-எம்.சி.யு. போர்டில் (புரோகிராம் செய்யக்கூடிய சிறு மின்னணு போர்டு) அகச்சிவப்பு ரிசீவர் வைத்துக் கோடு படிக்கிறேன். படித்த சோனி கோடை அனுப்பினால் பக்கத்தில் மட்டும் வேலை செய்கிறது.
– பாலிடெக்னிக் மாணவர், திருமங்கலம்

பதில்: அந்த ரிசீவர் அலைவரிசையை வடிகட்டிவிட்டுத் துடிப்பை மட்டும் தருவதால், அது 40 கிலோஹெர்ட்ஸா 38-ஆ என்று உங்களுக்குத் தெரியாமல் போகிறது. அனுப்பும்போது 40 என்று நீங்களே குறிப்பிடுங்கள். கோடையும் குறைந்தது மூன்று தடவை அனுப்புங்கள், சோனி ரிமோட்டுகள் அப்படித்தான் அனுப்பும். ரிசீவரில் கவனம்: டி.எஸ்.ஓ.பி.1738-க்கு 5 வோல்ட் வேண்டும், உங்கள் போர்டின் பின்கள் 3.3 வோல்ட். வி.எஸ்.1838பி 3.3-லேயே ஓடும். ஆனால் கால்களின் வரிசை வேறு. முதலாவதற்கு கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். இரண்டாவதற்கு அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. ஒன்றைக் கழற்றிய இடத்தில் இன்னொன்றை அப்படியே சொருகினால் சூடாகிப் போய்விடும்.