மதில் மேல் சிவப்பு ஓணான்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கரட்டை ஒட்டி எங்கள் வீடு. கல் மதிலில் முதுகு செக்கச்சிவப்பாக, பக்கமெல்லாம் கறுப்பாக ஒரு ஓணான் தினமும் வந்து உட்காருகிறது. சில நேரம் அதுவே மஞ்சளாகவும் தெரிகிறது. விஷமா? சின்னக் குழந்தை இருக்கிற வீடு. மருந்து அடித்து விரட்டலாமா?

பதில்: விஷம் கிடையாது. மருந்தும் வேண்டாம்.

நீங்கள் பார்ப்பது பாறை ஓணான். வெயில் காயும் தென்னிந்தியப் பாறைக் குன்றுகள்தான் அதன் சொந்த இடம். உங்கள் கல் மதில் அதற்கு இன்னொரு பாறை, அவ்வளவுதான்.

பளிச்சென்று இருப்பது ஆண். அதுவும் இனப்பெருக்கக் காலத்தில்தான். பெண் கல்லோடு கல்லாகப் பழுப்பாக இருப்பதால் கண்ணில் படுவதே அரிது. பெண்ணைக் கண்டால் ஆணின் முதுகு சிவந்து, பக்கங்கள் கறுக்கும். இன்னொரு ஆண் எல்லைக்குள் வந்துவிட்டால் முதுகு மஞ்சளாகும், பக்கங்கள் ஆரஞ்சாகும். எல்லாம் நம் கண்ணெதிரேயே நடக்கும். அப்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கும். அந்த மிரட்டல் நமக்கில்லை, எதிராளிக்கு. நாம் கிட்டே போனால் கல்லின் மறுபக்கம் நழுவி, தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். இவ்வளவு அழகான ஒன்றை மருந்தடித்துக் கொல்ல எனக்கு மனசு வராது.

மருந்தில் வேறு சிக்கலும் உண்டு. எறும்பும் பூச்சியும்தான் இதன் முக்கிய உணவு. மருந்து பட்ட எறும்பைத் தின்றால் விஷம் இதற்கும் ஏறும். உங்கள் குழந்தை கை வைக்கும் மதிலிலும் அதே மருந்துதான் படிந்திருக்கும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கையில் பிடித்தால் கடிக்கும், நகமும் கீறும். தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிடிக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்லெறிய வரும் பையன்களையும் தடுங்கள்.

ஓணானைத் தேடிப் பாம்பு வருமோ என்றும் தோன்றலாம். பாம்பு ஓணானைத் தின்னும், உண்மைதான். ஆனால் வீட்டருகே பாம்பு தங்க எலியும் சந்துபொந்தும் பெரிய காரணம். வாசலை ஒட்டிய மதில் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுங்கள். நல்ல வெயிலில், ஓணான் வெளியே இருக்கும்போது, இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். உள்ளே ஏதாவது மாட்டிக்கொள்ளக் கூடாது. அப்புறம், வாசலருகே கல் குவித்திருந்தால் கரட்டுப் பக்கம் தள்ளிப் போடுங்கள். ஓணானும் அங்கே நகரக்கூடும்.