கணினிக் கேள்வி பதில்: மென்பொருளிடம் அதன் பொருள்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

டெஸ்க்டாப் மென்பொருள்களை ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதி இயக்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஆறு, இந்த இதழில் விடைகளுடன் இடம்பெறுகின்றன.

கேள்வி: மாதந்தோறும் கிளைகளிலிருந்து வரும் 40 எக்செல் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் உள்ள மொத்தத் தொகைகளை எடுத்து ஒரே கோப்பில் தொகுப்பது என் வேலை. மவுஸ் அசைவுகளையும் விசை அழுத்தங்களையும் பதிவு செய்துகொண்டு திரும்ப இயக்கும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தேன். விண்டோ சற்று நகர்ந்திருந்தாலும் கிளிக் வேறிடத்தில் விழுகிறது. நம்பகமான வழி எது?

பதில்: நீங்கள் பயன்படுத்திய மென்பொருளுக்குத் திரையில் இருப்பது எக்செல் என்பதே தெரியாது. இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளிகள், மேலிருந்து இத்தனை புள்ளிகள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அது அழுத்துகிறது. அந்த இடத்தில் சேமிக்கும் பட்டன் இருந்தாலும், எதிர்பாராத எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து நின்றாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். பணத்தொகைகளைக் கையாளும் வேலைக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்செல், வேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்கள், பிற நிரல்கள் தம்மிடம் நேரடியாகப் பேசுவதற்கென்றே ஓர் இடைமுகத்தை வைத்திருக்கின்றன. விண்டோஸில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1993-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய காம் என்னும் ஏற்பாடு. அதே ஆண்டில் வெளிவந்த எக்செல் 5 பதிப்பில்தான், எக்செல்லுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் விபிஏ மொழியும் வந்தது. இந்த இடைமுகத்தில் திரையும் மெனுவும் கிடையா. அப்ளிகேஷன் என்ற பொருளுக்குள் ஒர்க்புக்குகள், ஒர்க்புக்குக்குள் ஷீட்டுகள், ஷீட்டுக்குள் செல்களைக் குறிக்கும் ரேஞ்ச் என்று ஒன்றனுள் ஒன்றாகப் பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. 'இந்த ஒர்க்புக்கில், சுருக்கம் என்ற பெயருள்ள ஷீட்டில், பி12 செல்லின் மதிப்பு என்ன?' என்று நீங்கள் கேட்டால், விண்டோ எங்கே இருந்தாலும், சிறிதாக்கப்பட்டிருந்தாலும், கண்ணுக்கே தெரியாமல் இருந்தாலும் சரியான விடை வரும். அந்தப் பெயருள்ள ஷீட் இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். வேறோர் இடத்திலிருந்து தவறான எண்ணை எடுத்து வந்துவிடாமல் நின்றுவிடுகிற இந்தப் பண்புக்காகவே நான் இம்முறையைப் பெரிதும் மதிக்கிறேன்.

கற்கத் தொடங்குவதற்கு, கையால் செய்யும் வேலையை மேக்ரோவாக, அதாவது விபிஏ நிரலாக எழுதித் தரும் எக்செல்லின் மேக்ரோ ரெக்கார்டரே போதும். ஒரு வேலையைக் கையால் ஒருமுறை செய்து பதிவாக்குங்கள். பிறகு ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தி, பதிவான வரிகளைப் படியுங்கள். நீங்கள் செய்த செயலுக்கு எக்செல்லின் ஆப்ஜெக்ட் மாடலில் (மேலே சொன்ன பொருள்களின் அடுக்கில்) என்ன பெயர் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். ஆனால் ரெக்கார்டர் எழுதியதை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அது ஒவ்வொரு செல்லையும் முதலில் 'செலக்ட்' செய்து, பிறகு 'செலக்‌ஷன்' மீது வேலை செய்யும். மனிதக் கையைப் பின்பற்றும் அந்தப் பழக்கத்தை நீக்கிவிட்டு, செல்லையே நேராகக் குறிப்பிடுவதுபோல் மாற்றி எழுதுங்கள். அதே திரையில் எஃப்2 அழுத்தினால் வரும் ஆப்ஜெக்ட் பிரவுசரில் எல்லாப் பொருள்களின் பெயர்களும் கிடைக்கும். விபிஏ-வில் கற்ற பெயர்களே பைத்தான், பவர்ஷெல் போன்ற பிற மொழிகளிலும் செல்லும் என்பதால், மொழியை மாற்றினாலும் கற்றது வீணாகாது.

கோப்புகளைத் திறக்கும்போது முழுப் பாதையையும் கொடுங்கள். வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால், உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் தேடாமல், எக்செல் தனக்கு நடப்பு ஃபோல்டர் என்று வைத்திருக்கும் இடத்தில் தேடும். கோப்புகளை வாசிக்க மட்டும் போகிறீர்கள் என்பதால் 'ரீட்ஒன்லி' என்பதை ட்ரூ என்றும், வெளி இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று கேளாதிருக்க 'அப்டேட்லிங்க்ஸ்' என்பதை 0 என்றும் குறிப்பிடுவது நல்லது.

கேள்வி: பைத்தானிலிருந்து எக்செல்லை இயக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். 20,000 வரிசைகள், 6 நெடுவரிசைகள் உள்ள ஷீட்டைப் படிக்க வெகுநேரம் எடுக்கிறது. பைத்தான் மெதுவான மொழி என்பதுதான் காரணமா?

பதில்: பைத்தான் மீது பழி போட வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு செல்லாகக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 1,20,000 முறை கேட்கிறீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு புரோசெஸ் (தனியாக ஓடும் நிரல்), எக்செல் இன்னொரு புரோசெஸ். ஒவ்வொரு கேள்வியும் ஒரு புரோசெஸில் கட்டப்பட்டு, விண்டோஸ் வழியாக மறுபக்கம் போய்ப் பிரிக்கப்பட்டு, விடையும் அதே பாதையில் திரும்பி வர வேண்டும். ஒருமுறை போய்வர ஆகும் நேரம் மிகச் சிறியதே. ஆனால் அதை 1,20,000-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

ஏ1 முதல் எஃப்20000 வரையுள்ள பரப்பை ஒரே ரேஞ்சாகக் குறிப்பிட்டு அதன் 'வேல்யூ' என்பதைக் கேட்டால், முழு அட்டவணையும் ஒரே பயணத்தில் வந்து சேரும். பிறகு கணக்குகளையெல்லாம் உங்கள் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம். எழுதும்போதும் இதே விதிதான்: விடைகளை வரிசைகளின் வரிசையாகத் தொகுத்து, அதே அளவுள்ள ரேஞ்சுக்கு ஒரே முறையில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதும். திரை புதுப்பித்தலை நிறுத்துவது, கணக்கிடுதலை மேனுவலுக்கு மாற்றுவது ஆகியவை அதற்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டியவை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நாணய வடிவம் கொடுக்கப்பட்ட செல்களை 'வேல்யூ' மூலம் கேட்டால், தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கங்கள் மட்டுமே கொள்ளும் கரன்சி வகையாக எக்செல் அனுப்புகிறது. வட்டி விகிதம், அலகு விலை போன்றவற்றில் அதற்கு மேலும் இலக்கங்கள் இருந்தால் அவை வழியிலேயே போய்விடும். 'வேல்யூ2' என்று கேட்டால் எண் முழுமையாக வரும். ஆனால் தேதிகளும் நாள் எண்ணிக்கையாகவே வரும் என்பதால், அவற்றை மீண்டும் தேதியாக்குவது உங்கள் பொறுப்பாகும்.

கேள்வி: ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நாள்களில் ஐந்தாறு எக்செல்கள் சேர்ந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயரை மட்டும் பார்த்து எல்லா எக்செல்களையும் நிறுத்தும் கட்டளை, நீங்களோ, அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றொருவரோ சேமிக்காமல் வைத்திருக்கும் ஒர்க்புக்கையும் சேர்த்தே கொன்றுவிடும்.

எக்செல் எஞ்சி நிற்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும். முதலாவது, ஸ்கிரிப்ட் நடுவில் பிழைபட்டு நின்றுவிட, கடைசி வரியில் இருக்கும் 'குவிட்' என்ற கட்டளை இயங்காமலே போவது. பைத்தானில் 'ஃபைனலி' என்ற பகுதிக்குள் ஒர்க்புக்கை மூடுவதையும் 'குவிட்' கட்டளையையும் வைத்துவிட்டால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் அவை நடந்தே தீரும். இரண்டாவது, காம் ஏற்பாட்டில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை வைக்கப்படுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள மாறி (வேரியபிள்) ஒன்று ஏதோ ஒரு ரேஞ்சை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், 'குவிட்' சொன்ன பிறகும் எக்செல் காத்துக்கொண்டிருக்கக்கூடும். வேலை முடிந்ததும் அந்த மாறிகளை விடுவிக்க வேண்டும். மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மாற்றங்களைச் சேமிக்கவா என்று எக்செல் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. ஆனால் எக்செல்லை மறைத்து வைத்து இயக்குவதால் அந்தப் பெட்டி யார் கண்ணிலும் படுவதில்லை. ஒர்க்புக்கை மூடும்போதே சேமிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஸ்கிரிப்டை உருவாக்கிக்கொண்டிருக்கும் நாள்களில் எக்செல்லைக் கண்ணுக்குத் தெரியும்படியே இயக்குங்கள்.

'டிஸ்ப்ளேஅலெர்ட்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் இந்தப் பெட்டிகள் வரமாட்டா என்று பலரும் சொல்லிக் கொடுப்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்காமலே எக்செல் தானாக ஒரு விடையை எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், கேளாமலே அதன் மேல் எழுதிவிடும். ஆகவே அதை அணைப்பதற்கு முன், எழுதப்போகும் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்பதை உங்கள் ஸ்கிரிப்டே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, எதிர்த்திசையில் நேரும் ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். பைத்தானிலிருந்து காம் வழியாகப் பேச உதவும் பைவின்32 தொகுப்பில் உள்ள 'டிஸ்பேட்ச்' என்ற அழைப்பு, எக்செல் ஏற்கெனவே திறந்திருந்தால் அதனுடனேயே போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்து 'குவிட்' சொன்னால், நீங்கள் கையால் வேலை செய்துகொண்டிருந்த எக்செல்லும் மூடப்படும். மேலே சொன்ன அலெர்ட் அணைப்பும் சேர்ந்திருந்தால் சேமிக்கவா என்ற கேள்வி கூட வராது. 'டிஸ்பேட்ச்எக்ஸ்' என்ற அழைப்போ எப்போதும் தனியாகப் புதிய எக்செல் ஒன்றைத் தொடங்கும். நீங்கள் தொடங்கியதை நீங்களே மூடுங்கள். மற்றவர் திறந்து வைத்ததை மூடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஸ்கிரிப்ட் சில நாள்களில் சரியாக ஓடுகிறது, சில நாள்களில் அழைப்பை மறுபக்கம் ஏற்க மறுத்துவிட்டது என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த நேரத்தில் யாரோ ஒருவர் அதே எக்செல்லில் ஒரு செல்லுக்குள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் அல்லது ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. அந்நிலையில் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எக்செல் ஏற்காது. ஸ்கிரிப்டுக்கெனத் தனி எக்செல்லைத் தொடங்கினால் பெரும்பாலும் இது தீரும். அது இயலாதென்றால், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும்படி எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் எக்செல் இல்லை, லிப்ரே ஆபீஸ்தான் உள்ளது. மேக், லினக்ஸ் கணினிகளிலும் இப்படிச் செய்ய இயலுமா?

பதில்: இயலும். பெயர்கள் மாறும், அடிப்படைக் கருத்து மாறாது. லிப்ரே ஆபீஸின் இடைமுகத்துக்கு யூனோ என்று பெயர். லிப்ரே ஆபீஸைத் திரையில்லாமல் தொடங்கி, ஒரு போர்ட்டில் (பிற நிரல்கள் இணைவதற்கான எண்ணில்) காத்திருக்கச் செய்து, பைத்தானிலிருந்து அதனுடன் இணையலாம். எக்செல்லிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எக்செல்லில் 'செல்ஸ்' என்று கேட்கும்போது முதலில் வரிசை, அடுத்து நெடுவரிசை. எண்ணிக்கை 1-இல் தொடங்கும். லிப்ரே ஆபீஸில் 'கெட்செல்பைபொசிஷன்' என்று கேட்கும்போது முதலில் நெடுவரிசை, அடுத்து வரிசை. எண்ணிக்கை 0-இல் தொடங்கும். இரண்டு வேறுபாடுகளும் சேர்ந்து வருவதால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே தவறான செல்லைப் படித்துவிட வாய்ப்பு அதிகம்.

மேக் கணினிகளில் ஆப்பிள்ஸ்கிரிப்ட் 1993 முதலே இருக்கிறது. ஸ்கிரிப்ட் எடிட்டரில் ஒரு மென்பொருளின் டிக்‌ஷனரியைத் திறந்தால், அதனிடம் என்னென்ன கேட்கலாம் என்ற சொற்பட்டியல் வரும். 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, ஒரு மென்பொருள் இன்னொன்றை இயக்க முற்படும்போது மேக் உங்களிடம் அனுமதி கேட்கிறது. அப்போது மறுத்துவிட்டால், பின்னர் சிஸ்டம் அமைப்புகளுக்குள் போய்த்தான் அதை மாற்ற முடியும். லினக்ஸில், மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் டி-பஸ் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பல மென்பொருள்களுடன் பேசலாம்.

எந்த இடைமுகமும் இல்லாத பழைய மென்பொருளாக இருந்தால், பட்டன்களைத் திரைப் புள்ளியால் தேடாமல் பெயரால் தேடும் யூஐ ஆட்டோமேஷன் விண்டோஸில் உள்ளது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள் பயன்படுத்தும் அதே வழி அது. கடைசிப் புகலாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறர் அனுப்பும் கோப்புகளை ஸ்கிரிப்ட் மூலம் திறப்பதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, கையால் திறப்பதைவிட அதிகமாகவே உண்டு. நீங்கள் கையால் திறக்கும்போது மேக்ரோக்களை நிறுத்தி வைத்து அனுமதி கேட்கும் எக்செல், ஸ்கிரிப்ட் வழியாகத் திறக்கும்போது இயல்பாகவே எல்லா மேக்ரோக்களையும் இயங்க விடுகிறது. 'ஆட்டோமேஷன்செக்யூரிட்டி' என்ற பண்பின் தொடக்க மதிப்பு 1 என்பதே காரணம். கோப்பைத் திறப்பதற்கு முன் அதை 3 என்று மாற்றிவிட்டால் மேக்ரோக்கள் முற்றிலும் முடக்கப்படும். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்னும் வைரஸ், வேர்டு கோப்பிலிருந்த ஒரு மேக்ரோ அவுட்லுக்கை இதே இடைமுகத்தின் வழியாக இயக்கி, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டதால்தான் அவ்வளவு வேகமாகப் பரவியது. நமக்கு உதவும் அதே வாசல் அதற்கும் உதவியது.

உங்கள் தேவை மதிப்புகளைப் படிப்பது மட்டும் என்றால், எக்செல்லைத் திறக்காமலே இருக்கலாம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளை உள்ளடக்கிய ஜிப் தொகுப்புதான். ஓபன்பைஎக்செல் போன்ற பைத்தான் நூலகங்கள் அதை நேராகப் படிக்கும், மேக்ரோக்களை இயக்காது. ஆனால் அவை ஃபார்முலாக்களைக் கணக்கிடுவதில்லை; எக்செல் கடைசியாகக் கணக்கிட்டுச் சேமித்த விடையையோ, ஃபார்முலாவின் எழுத்து வடிவத்தையோதான் தரும். மாற்றிய எண்ணுக்கேற்ப மறுகணக்கீடு வேண்டுமென்றால் எக்செல்லையே இயக்க வேண்டும். ஆளில்லாத சர்வரில் அதை இயக்க நினைக்காதீர்கள்: உள்நுழைந்து அமர்ந்திருக்கும் பயனருக்காக எழுதப்பட்ட ஆபீஸ் மென்பொருள்களைச் சர்வரில் இப்படிப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை, ஒரு பெட்டி தோன்றினால் அதை மூட அங்கே ஆள் இருக்கமாட்டார்.